பங்க் ராக்: எந்தக் குழு யாருக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனது?

கேள்வி இது: பங்க் ராக்கில் செல்வாக்கு மிகுந்த குழுக்கள் எவை, எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? இரண்டு மூன்று ஆல்பங்கள் கேட்டும் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த இரைச்சலில் இருந்தே தொடங்குவோம். பங்க் இசையில் பாடலுக்குப் பாடல் மெட்டு பெரிதாக மாறாது. குழுவுக்குக் குழு மாறுவது வலது கை கிட்டாரை அடிக்கும் விதம், டிரம்ஸில் கால் விழும் இடம், இசைத்தட்டை யார் காசில் யார் அச்சிட்டார்கள் என்பது. ஆகவே விற்பனைக் கணக்கை வைத்துச் செல்வாக்கை அளக்காதீர்கள். அந்தக் குழுவைக் கேட்ட வேறொரு ஊர்ப் பிள்ளைகள் அதனிடமிருந்து எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பாருங்கள். கீழே உள்ள தேர்வு முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்துச் செய்தது.

பங்குக்கு முன்னோடிகள் பலர். பெருவின் லிமா நகரத்து லோஸ் சைக்கோஸ் 1965லேயே தொண்டை கிழியக் கத்திப் பாடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எம்.சி.5, ஸ்டூஜஸ் என்ற இரண்டு குழுக்களும் 1969ல் முதல் ஆல்பங்களை வெளியிட்டன. அதே மாநிலத்து டெட்ராய்டில் ஹாக்னி சகோதரர்கள் மூவர் 'டெத்' என்ற பெயரில் 1975ல் பாடல்கள் பதிவு செய்தார்கள். பெயரை மாற்றச் சொன்னபோது மறுத்தார்கள், ஒப்பந்தம் கைநழுவியது. அந்தப் பதிவுகள் ஆல்பமாக வெளிவர 2009 வரை ஆனது. கறுப்பின இளைஞர்கள் மூவர் பங்கின் வாசலில் நின்றிருந்ததை உலகம் 34 ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டது. இவர்களில் ஸ்டூஜஸை மட்டும் கட்டாயம் கேளுங்கள், மற்றவர்களுக்குப் பிறகு வரலாம்.

முதல் பாடம் ரமோன்ஸ். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1974ல் சேர்ந்த நான்கு பேர். இரத்த உறவில்லாத நால்வரும் 'ரமோன்' என்பதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பவரி தெருவில் இருந்த சி.பி.ஜி.பி. என்ற சிறிய கூடத்தில் வாசித்துத் தேறினார்கள். 1976 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்துக்கு ஆன செலவு சுமார் 6,400 டாலர், பதிவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடம்.

இந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் கிட்டார் ஒரு காதிலும் கிட்டார் இன்னொரு காதிலும் ஒதுங்கி நிற்கும், டிரம்ஸும் குரலும் நடுவில் இருக்கும். ஒரு பக்கத்து ஸ்பீக்கரை நிறுத்திவிட்டால் எதிர்ப்பக்க வாத்தியம் தெளிவாகக் கேட்கும். கூடச் சேர்ந்து வாசித்துப் பழக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஏராளமான பேர் இந்தத் தட்டை வைத்தே கிட்டார் கற்றார்கள்.

அதில் கற்க வேண்டியது ஜானி ரமோனின் வலது கை. அவர் பிக்கை (கம்பியை அடிக்கும் சிறு வில்லை) மேலிருந்து கீழே மட்டும் அடிப்பார், மேல்நோக்கி அடிப்பதே இல்லை. முதல் பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 176 துடிப்பு. துடிப்புக்கு இரண்டு அடி என்றால் நொடிக்கு ஆறு அடி. மேடையில் இதைவிட வேகமாகப் போவார்கள். 'மேலும் கீழுமாக அடித்தால் பாதி உழைப்பு மிச்சம்தானே' என்று புதிதாக வாசிப்பவர்கள் நினைப்பார்கள். அங்கேதான் சத்தம் கெடும். கீழ்நோக்கி அடிக்கும்போது பிக் முதலில் தடித்த கம்பியைத் தொடும், மேல்நோக்கி வரும்போது மெல்லிய கம்பியை. மாற்றி மாற்றி அடித்தால் ஒன்றுவிட்டு ஒரு அடியில் கனம் குறைந்து, சீரான உறுமல் கலகலவென்று ஆகிவிடும்.

வாசித்துப் பார்க்க நினைத்தால் மெட்ரோனோமை (துடிப்பை எண்ணித் தரும் கருவி) 140ல் வைத்து ஆரம்பியுங்கள். முழங்கையை ஆட்டாமல் மணிக்கட்டைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள், பிக் ஒரு அங்குலத்துக்கு மேல் பயணிக்க வேண்டாம். முன்கை இறுகி எரியத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, வேகத்தைப் பத்து குறைத்து மறுபடி பிடியுங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். அது கூடிவிட்டால் அடிக்கும் அடிக்கும் இடையே உள்ள இடைவெளி நிரம்பிப்போய், நீங்கள் சொன்ன அந்த ஒரே இரைச்சல் வந்துவிடும். ரமோன்ஸின் சத்தம் பெரிது, ஆனால் ஒவ்வொரு அடியையும் எண்ணலாம். 1996ல் கலையும் வரை 2,263 கச்சேரிகள் வாசித்த குழு அது. அந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததல்ல.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கு வெளியான முதல் பங்க் சிங்கிள் (ஓரிரு பாடல் மட்டும் உள்ள சிறு தட்டு) த டேம்ன்ட் குழுவுடையது, 1976 அக்டோபரில். அதற்கும் ஒரு மாதம் முன்பே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் த செயின்ட்ஸ் சொந்தக் காசில் தங்கள் சிங்கிளை அச்சிட்டிருந்தார்கள். லண்டன்தான் பங்கின் பிறப்பிடம் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செக்ஸ் பிஸ்டல்ஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இரண்டு நிறுவனங்கள் கழற்றிவிட்ட பிறகு மூன்றாவது நிறுவனத்தில் 1977 அக்டோபரில் வந்த ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம் அவர்களுடையது. வாசிக்கத் தெரியாதவர்களின் ஆல்பம் என்ற கதை இன்றும் சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம். ஸ்டீவ் ஜோன்ஸ் கிட்டாரை அடுக்கடுக்காகப் பலமுறை பதிவு செய்து சுவர் எழுப்பினார். குழுவில் பேஸ் வாசித்த சிட் விஷியஸின் பங்கு அதில் மிகச் சொற்பம், பேஸ் பெரும்பாலும் ஜோன்ஸ் வாசித்ததுதான். அந்தச் சத்தத்தை ஒரே கிட்டாரில் கொண்டுவர முயன்று தோற்ற குழுக்கள் ஏராளம். தோற்றதற்குக் காரணம் அந்த அடுக்குகள்.

பிஸ்டல்ஸின் பெரிய பங்களிப்பு அந்த ஆல்பத்துக்கும் முன்னால் நடந்த ஒரு கச்சேரி என்பதே என் தீர்மானம். 1976 ஜூன் 4, மான்செஸ்டர் நகரின் லெசர் ஃப்ரீ டிரேட் ஹால். ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு இளைஞர்கள். வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான். அதில் இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அவரும் உடன் வந்த பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து உருவாக்கிய குழுதான் பின்னாளில் ஜாய் டிவிஷன் ஆனது.

ஏற்பாடு செய்த அந்த இருவரின் குழு பஸ்காக்ஸ். அவர்கள் செய்த காரியம் ஒரு தலைமுறைக்கே வழி காட்டியது. கடனாகத் திரட்டிய 500 பவுண்டை வைத்து நான்கு பாடல்களைப் பதிவு செய்து, தாங்களே ஒரு லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்) பெயர் சூட்டி, 1977 ஜனவரியில் 1,000 பிரதிகள் அச்சிட்டார்கள். பதிவுக்கு மூன்று மணி நேரம், பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸிங்குக்கு இரண்டு. உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் தேறியது, மேலே ஏதாவது சேர்த்துப் பதிவு செய்தார்களா என்பதையும் அச்சிட்டார்கள். சமையல் குறிப்பைச் சட்டியோடு சேர்த்துக் கொடுத்தது போல. அதில் ஒரு பாடலின் கிட்டார் தனி ஆவர்த்தனம் வெறும் இரண்டு சுரம், அதுவே 66 தடவை. லண்டனில் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் அதே ஆண்டில் 153 பவுண்டில் தங்கள் முதல் சிங்கிளை முடித்தார்கள். ஸ்கிரிட்டி பொலிட்டி 1978ல் ஸ்டுடியோ, அச்சு, லேபிள் என்று செலவுக் கணக்கை உறையிலேயே எழுதி வெளியிட்டது. இசைத்தட்டு நிறுவனம் என்ற பூட்டை உடைத்தவர்கள் இவர்கள். இன்று வீட்டிலிருந்தே பாடலை வெளியிடும் யாருக்கும் இந்த உறைகளோடு உறவு உண்டு.

'இது ஒரு கார்டு, இது இன்னொன்று, இது மூன்றாவது, இப்போது குழு தொடங்கு' என்ற பொருளில் ஏ, இ, ஜி என்ற மூன்று கிட்டார் கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரைந்த பிரபலமான படம் 1977 ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற சிற்றிதழில் வந்தது. பலர் அதை 'ஸ்னிஃபின் குளூ' இதழுக்குத் தவறாகச் சேர்த்துச் சொல்வார்கள்.

த கிளாஷ் கொடுத்தது வேறு சரக்கு. முதல் ஆல்பத்தில் மற்றப் பாடல்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். நடுவில் ஜமைக்கா பாடகர் ஜூனியர் மர்வினின் ரெகே பாடல் ஒன்றை ஆறு நிமிடம் வாசித்திருப்பார்கள். லண்டனில் கரீபியன் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களின் இசை அது. 1978 ஏப்ரல் 30ல் இனவெறிக்கு எதிராக லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த பெருங்கச்சேரியில் கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸ் எல்லோரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்' இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கே விற்கச் செய்தார்கள். 1982ல் அவர்கள் வெளியிட்ட, குடியேறிகளைப் பற்றிய 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலின் இசைத்துணுக்கை எடுத்து 2007ல் 'பேப்பர் பிளேன்ஸ்' செய்தவர் எம்.ஐ.ஏ., லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக லண்டனுக்கே திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 25 ஆண்டு இடைவெளியில் அதே வலியை ஒரு ஈழத்தமிழ்ப் பெண் தன் குரலில் திருப்பிப் பாடுவது கேட்கும்.

எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாலி ஸ்டைரின், தந்தை சோமாலியர். சாக்ஸஃபோனைப் பங்கில் முன்வரிசையில் நிறுத்தியது அந்தக் குழு. த ஸ்லிட்ஸ், த ரெயின்கோட்ஸ் இரண்டும் ரமோன்ஸின் நேர்க்கோட்டுத் தாளத்தைக் கலைத்துப் போட்டன. 'பெண்கள் பங்க்' என்று ஒரு ஓரமாக ஒதுக்கி வைக்கும் பட்டியல்களை எனக்குப் பிடிக்காது. இந்த மூன்று குழுக்களும் இல்லாமல் பிறகு வந்த பாதிப் பேர் இல்லை.

கிராஸ், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கிராமப்புறத்தில் ஒரு வீட்டில் கூட்டாக வாழ்ந்த அராஜகவாதக் குழு. தட்டின் உறையில் 'இதற்கு மேல் கொடுக்காதீர்கள்' என்று விலையை அச்சிட்டார்கள், கடைக்காரர் கூட்டி விற்க முடியாது. முதல் தட்டில் ஒரு பாடலை அச்சிட ஆலைத் தொழிலாளர்கள் மறுத்தபோது அந்த இடத்தில் மௌனத்தைப் பதிவு செய்து, சுதந்திரமான பேச்சின் ஓசை என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் என்ற பிரிட்டிஷ் குழு ஒரு தாளத்தையே விட்டுச் சென்றது. வேகப் பங்கில் வழக்கமான தாளம் டும்-டக்-டும்-டக், காலும் கையும் மாறி மாறி. டிஸ்சார்ஜின் நான்கு துடிப்புத் தாளத்தில் கையால் அடிக்கும் ஸ்நேர் டிரம் 2, 4 என்ற இடங்களில் அப்படியே நிற்கும். காலால் அடிக்கும் பேஸ் டிரம் மட்டும் மூன்றாம் துடிப்பில் விழாமல் அதற்கு அரைத்துடிப்பு முன்னும் பின்னுமாக விழும்: டும் · டக்-டும் · டும்-டக். வாய்க்குள் சொல்லிப் பாருங்கள், முன்னோக்கித் தள்ளுவது தெரியும். இதற்கு டி-பீட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழகுபவர்கள் வழக்கமாகத் தவறுவது அந்த மூன்றாம் துடிப்பில். கால் பழக்கத்தில் அங்கே விழுந்துவிடும், உடனே தாளம் பழைய டும்-டக் ஆகிவிடும். 1982ல் வந்த அவர்களின் ஆல்பம் அரை மணிக்கும் குறைவு. ஸ்வீடனிலும் ஜப்பானிலும் இந்தத் தாளத்தை மட்டுமே வாசிக்கும் குழுக்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன. மெட்டாலிக்கா 1998ல் இவர்களின் இரண்டு பாடல்களைத் திரும்பப் பதிவு செய்தது.

இனி அமெரிக்க ஹார்ட்கோர், அதாவது பங்கை இன்னும் வேகமாகவும் கடுமையாகவும் ஆக்கிய கிளை. என் பார்வையில் பங்கின் முதுகெலும்பு இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் பிளாக் ஃப்ளாக். கிட்டார் வாசித்த கிரெக் ஜின் சிறு வயதிலேயே வானொலிக் கருவிகள் விற்கும் தொழில் நடத்தியவர். எஸ்.எஸ்.டி. என்ற அந்தத் தொழிலின் பெயரையே லேபிளுக்கு வைத்தார். வேறொரு லேபிள் வெளியிடத் தாமதித்ததால், தொலைபேசிப் புத்தகத்தில் அச்சாலையைத் தேடிப் பிடித்து 1979ல் தானே நான்கு பாடல் தட்டை வெளியிட்டார். வேனில் ஏறி ஊர் ஊராக, கூடம் கூடமாக வாசித்து இவர்கள் போட்ட பாதையில்தான் பின்னால் வந்த சிறு குழுக்கள் அமெரிக்காவைச் சுற்றின. 1984ல் வந்த 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாடல்கள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், இழுத்து இழுத்து. வேகத்துக்காக வந்த ரசிகர்கள் கொதித்தார்கள். வாஷிங்டன் மாநிலத்து மெல்வின்ஸ் அதை உள்வாங்கிக்கொண்டது. அங்கிருந்து நிர்வாணா குழுவுக்கு ஒரு எட்டு.

தலைநகர் வாஷிங்டனில் பேட் பிரெயின்ஸ். நால்வரும் கறுப்பர்கள், ஜாஸ் ஃபியூஷன் வாசித்துக் கை பழகியவர்கள். ரமோன்ஸின் பாடல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்தார்கள். 1980ல் வந்த முதல் சிங்கிள் சுமார் ஒன்றரை நிமிடம்தான். அந்த வேகத்திலும் நால்வரும் ஒரே நொடியில் நின்று ஒரே நொடியில் புறப்படுவார்கள். ஹார்ட்கோர் என்றால் கட்டுப்பாடில்லாத ஓட்டம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டிய தட்டு. 1982ல் கேசட்டாக மட்டும் வந்த முதல் ஆல்பத்தில் இடையிடையே மெதுவான ரெகே பாடல்கள் வரும், அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அதே ஊரில் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிப் பிள்ளைகளின் குழு கலைந்தபோது கச்சேரிகளில் சேர்ந்த 600 டாலர் கையில் இருந்தது. பங்கிட்டுக்கொள்ளாமல் அதை வைத்து 1980ல் டிஸ்கார்ட் என்ற லேபிளைத் தொடங்கி 1,000 தட்டுகள் போட்டார்கள். உறை எப்படிச் செய்வதென்று தெரியாது. ஒரு பிரிட்டிஷ் சிங்கிளின் உறையைப் பிரித்து விரித்து, அதன் மேல் கோடு இழுத்து, அச்சடித்து, கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். அதில் இருந்த இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் இருவரும் அடுத்துத் தொடங்கிய குழு மைனர் த்ரெட். குடி, போதை வேண்டாம் என்று 46 நொடிப் பாடல் ஒன்றில் அவர்கள் சொன்னதை உலகெங்கும் பிள்ளைகள் வாழ்க்கை முறையாகவே எடுத்துக்கொண்டார்கள். கையில் இடும் பெருக்கல் குறி அதற்கு அடையாளம். வயது குறைந்தவர்களுக்கு மது ஊற்றக் கூடாது என்பதற்காக ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ கூடத்தில் இட்ட குறி அது.

மெக்கே 1987ல் தொடங்கிய ஃபுகாசி என் மனத்துக்கு மிக நெருக்கமான குழு. கச்சேரிக் கட்டணம் பொதுவாக 5 டாலராக இருந்தது. எல்லா வயதினரும் உள்ளே வர முடிந்தது. கூட்டத்தில் யாராவது பிறரை இடித்து மிதித்தால் பாட்டை நிறுத்துவார்கள், அடங்காதவரை வெளியே அனுப்பும்போது 5 டாலரை ஓர் உறையில் போட்டுக் கையில் திருப்பிக் கொடுப்பார்கள். பெரிய நிறுவனங்கள் அழைத்தும் போகவில்லை. இசையும் அதே கவனத்தோடு இருக்கும். இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்று அடிக்கும் இடத்தில் மற்றது சும்மா இருக்கும். எண்ணூறுக்கு மேற்பட்ட கச்சேரிப் பதிவுகள் அவர்களிடம் இருந்தன. 2011 முதல் அவற்றை இணையத்தில் குறைந்த விலைக்குத் தருகிறார்கள்.

மினியாபொலிஸின் ஹஸ்கர் டூ 3,200 டாலரில் 85 மணி நேரத்தில் முடித்த இரட்டை ஆல்பம் 1984ல் வந்தது. ஹார்ட்கோருக்குள் இனிய மெட்டை நுழைத்தது அவர்களும் கலிஃபோர்னியாவின் டிசென்டென்ட்ஸும்.

1990களில் நிறையப் பணம் வந்தது, புதிய கண்டுபிடிப்பு குறைவு. பெர்க்லியில் 924 கில்மன் தெரு என்ற தன்னார்வலர் கூடத்தில் வளர்ந்த கிரீன் டே 1994ல் பெரிய நிறுவனத்தில் ஆல்பம் வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. பெரிய நிறுவனக் குழுக்களுக்கு மேடை இல்லை என்ற விதியின்படி கில்மன் அவர்களுக்குக் கதவை மூடியது. பேட் ரிலிஜன் குழுவின் பிரெட் குரேவிட்ஸ் நடத்திய எபிடாஃப் என்ற சிறு லேபிளிலேயே ஆஃப்ஸ்பிரிங் குழு அதே ஆண்டு வெளியிட்ட ஆல்பமும் காலப்போக்கில் உலகளவில் ஒரு கோடியைத் தாண்டி விற்றது. இவற்றைவிட ஒலிம்பியா நகரின் பிகினி கில்தான் அந்தப் பத்தாண்டின் மையம் என்பேன். பாடகி கேத்லீன் ஹன்னா கச்சேரியில் பெண்களை முன்வரிசைக்கு வரச் சொல்வார். முண்டியடிக்கும் ஆண் கூட்டத்துக்குப் பயந்து பின்சுவரில் ஒட்டி நின்றவர்கள் மேடையைப் பார்க்க முடிந்தது, பார்த்தவர்கள் சிற்றிதழ் போட்டார்கள், குழு தொடங்கினார்கள்.

பிற்காலத்தில் மூன்று பெயர்கள் போதும். ஸ்வீடனின் ரெஃபியூஸ்ட் 1998ல் ஹார்ட்கோருக்குள் ஜாஸையும் மின்னணு இசையையும் கலந்தது. மெல்பர்னின் அமில் அண்ட் த ஸ்னிஃபர்ஸ் 1977ன் நேரடித்தன்மையை மீட்டது. பால்டிமோரின் டர்ன்ஸ்டைல் 2021ல் வெளியிட்ட 'குளோ ஆன்' புதியவர்கள் எளிதாக நுழையக்கூடிய ஹார்ட்கோர்.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். கிளாஷின் முதல் ஆல்பத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: 1977 பிரிட்டிஷ் பதிப்பு, பாடல்கள் மாற்றப்பட்ட 1979 அமெரிக்கப் பதிப்பு. 'ஜேனி ஜோன்ஸ்' என்ற பாடலோடு தொடங்கினால் அது மூலப் பதிப்பு, அதையே கேளுங்கள். பஸ்காக்ஸுக்கு 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' தொகுப்பு. மைனர் த்ரெட்டின் எல்லாப் பாடல்களும் 1989ல் வந்த ஒரே தொகுப்பில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பிளாக் ஃப்ளாக்குக்கு முதலில் 'த ஃபர்ஸ்ட் ஃபோர் இயர்ஸ்', ஃபுகாசிக்கு '13 சாங்ஸ்'. ரமோன்ஸில் ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த 1980 ஆல்பத்தில் தொடங்கிவிடாதீர்கள், அந்த அலங்காரத்தில் வலது கை மறைந்துபோகிறது. ஸ்டூஜஸின் 'ரா பவர்' ஆல்பத்துக்கு டேவிட் போவி செய்த 1973 மிக்ஸ் ஒன்று, குழுவின் பாடகர் இக்கி பாப் தானே செய்த 1997 மிக்ஸ் இன்னொன்று. முன்னதில் பேஸும் டிரம்ஸும் மெலிந்திருக்கும். பின்னதில் எல்லாமே உச்சத்துக்கு ஏற்றப்பட்டு ஒலி நசுங்கியிருக்கும், ஹெட்ஃபோனில் பத்து நிமிடத்தில் காது களைத்துவிடும். முதலில் 1973 மிக்ஸைப் போட்டு, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். ஜேம்ஸ் வில்லியம்சனின் கிட்டார் அதில்தான் தெளிவாக வெட்டுகிறது.